மோட்டார் ரூமில் ஓர் அலுகு

உங்கள் எல்லோரிடமும் நல்ல லென்ஸ் இருக்கிறது. பார்த்தேன். போன வாரம் திருப்பதியில் நம் வனவிலங்கு அமைப்பில் எனக்கு நீங்கள் நடத்திய வழியனுப்பு விழாவில் நான் மேடையில் நின்றதை, என் மூக்கு மயிர் தெரியும் அளவுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். அழிந்துவரும் உயிரினங்களில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அன்று பேசச் சொன்னீர்கள். சால்வை போட்ட கையோடு மைக்கைக் கொடுத்தால் யாருக்கும் உண்மை வாயில் வராது. நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது வீட்டில் யாரும் கைதட்டாத நேரத்தில் எழுதுகிறேன். சேஷாசலம் காட்டில் தானியங்கி கேமராவை எந்த உயரத்தில் கட்டுவது, எச்சத்தைப் பார்த்து எந்த மிருகம் என்று சொல்வது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். சான்றிதழும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டீர்கள். நான் சொல்லப்போவது அதில் இல்லாதது. ஒரு மிருகத்தைக் காப்பாற்றப் போகும்போது முதலில் அதன் பெயரைக் காப்பாற்ற வேண்டும்.

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பறந்து போகிற எதற்கும் லத்தீன் பெயர் சொல்கிறீர்கள். காட்டோரத்தில் மாடு மேய்க்கிறவரிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஏதோ மந்திரம் சொல்ல வந்தவர் என்று நினைத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். இங்கே நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமெல்லாம் எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். இதில் ஒரு சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போவதற்குள் என்னவாகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு அலுகு. தெலுங்கில் அலுகு என்றால் நம் தமிழில் அழுங்கு, எறும்புத்தின்னி. உடம்பு முழுக்கச் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; அதைத் தவிர பாவம் அதற்கு ஒரு சண்டையும் தெரியாது. அந்தச் செதிலுக்காகத்தான் அதைக் கொன்று தீர்க்கிறார்கள். அதில் மருந்து இருக்கிறதாம். செதில் வேறொன்றுமில்லை, நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. நம் நகத்தை வெட்டிப் பொடித்துக் குடித்தாலும் அதே பலன்தான் கிடைக்கும், ஆனால் அதற்கு யாரும் கார் எடுத்துக்கொண்டு ராத்திரி பகலாக அலைவதில்லை.

அதே தெலுங்கில், ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலுக்கும் அலுகு என்றுதான் பெயர். போதாததற்கு, கரடிக்கு எலுகு. அலுகுக்கும் எலுகுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மலையடிவாரத்தில் மழை நாளில் போன் பேசினால் அந்த ஓர் எழுத்தும் கிடையாது.

புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் மலையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. அது கன்னியம்மாவுடையது. அறுபதை நெருங்கிய விவசாயி, கணவர் இல்லை, மகன் நாயுடுபேட்டையில் கம்பெனி வேலையில். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், வங்கக் கடலில் புயல் சின்னம் என்று பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டிருந்த ஒரு நாள், கன்னியம்மா காலையில் தோப்புக்குப் போய் மோட்டார் ரூமைத் திறந்தார். பழைய மோட்டாருக்காக உள்ளே ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி சிமெண்ட் பூசியிருந்தது. சுவரோரம் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்து மழைக்கு ஒதுங்கிய அழுங்கு ஒன்று அதில் விழுந்து, ஏற வழியில்லாமல் சுருண்டு கிடந்தது.

அவர் செய்தது எல்லாமே சரி. கதவைப் பூட்டினார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவசர உதவி எண் ஒன்றுக்குப் போன் செய்தார். அது எந்த ஆபீஸ் எண் என்று சொல்லமாட்டேன், அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். ஆபீசுக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் தெலுங்கிலேயே பேசியிருக்கிறார். "மா தோட்டலோ அலுகு உந்தி சார். பயடிகி போலேக போத்தா உந்தி. தொந்தரகா ரண்டி." எங்கள் தோப்பில் அலுகு இருக்கிறது, வெளியே போக முடியாமல் கிடக்கிறது, சீக்கிரம் வாருங்கள். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது?

கேட்டவருக்கும் தெளிவாகத்தான் கேட்டது. புயல் நேரம், எல்லா ஏரியும் நிறைந்து ததும்பிக்கொண்டிருக்கிறது, அலுகிலிருந்து வெளியே போக முடியவில்லை என்கிறார்கள். வேறென்ன, தண்ணீர்தான். "அலுகு அடைப்பு, தண்ணீர் வெளியேறவில்லை, ஊருக்கு ஆபத்து" என்று நீர்ப்பாசனப் பொறியாளருக்குச் செய்தி போனது. ஊருக்கு ஆபத்து என்பது அவர் கைக்காசு போட்டுச் சேர்த்தது.

வெகு நேரம் யாரும் வராததால் கன்னியம்மா பக்கத்துத் தோப்புக்காரரிடம் சொல்ல, அவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். காற்றிலும் மழையிலும் அலுகு எலுகு ஆனது. அடுத்த அரை மணியில் சுற்று வட்டார வாட்ஸப் குழுக்களிலெல்லாம் கரடி. எங்கள் அமைப்புக்கும் அந்தக் கரடிதான் வந்து சேர்ந்தது. வனத்துறைக்கு உதவியாக மீட்பு வேலைக்குப் போவது அப்போது எங்கள் பொறுப்பு. ரேஞ்சர் போனில் கூப்பிட்டு, மலைப்பாதையில் மரம் விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். நானும் டிரைவரும் கரடிக் கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என் பெரிய லென்ஸை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டேன். முதலுதவிப் பெட்டியைத்தான் மறந்துவிட்டோம். தொழில் பக்தி என்றால் அப்படி.

போய்ச் சேர்ந்தால் ரோட்டில் திருவிழா. பைக், ஆட்டோ, இடுப்பில் குழந்தையோடு பெண்கள், கையில் கம்போடு ஆண்கள். உள்ளூர் சேனல்காரர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் வாசலில் கையில் கொடுவாளோடு கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் முழங்கால் வரைக்கும் சேற்றோடு ஓர் இளைஞர். நீர்ப்பாசனத் துறை உதவிப் பொறியாளர், எல்லோருக்கும் ஏ.ஈ., புதிதாக வேலைக்கு வந்தவர், திருப்பதிப் பையன். தெலுங்குக்காரர், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். ஜீப்பில் மணல் மூட்டையும் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தார்.

"அலுகு எங்கம்மா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ரூம்ல கீது நைனா."

"மோட்டார் ரூம்லயா? அலுகுக்கு மோட்டார் ரூம் எதுக்கும்மா?"

"அது இன்னா கேட்டுக்கினா வந்துது? மழைக்கு ஒதுங்கிச்சு, பள்ளத்துல உழுந்துடுச்சு."

"அய்யய்யோ, விழுந்துடுச்சா! எவ்ளோ?"

"ஆளு ஒசரம்."

அவர் உடனே போனை எடுத்து மேலதிகாரிக்குத் தகவல் சொன்னார். அலுகு ஆளுயரத்துக்கு இடிந்து விழுந்துவிட்டதாம். பிறகு முகமெல்லாம் வெளிறி, "தூக்கி நிறுத்த எத்தனை ஆளு வேணும்மா?" என்று கேட்டார்.

"எதுக்கு ஆளு? சாக்குல போட்டா ரெண்டு பேரு தூக்கிடலாம்."

கலங்கலைச் சாக்கில் போட்டுத் தூக்குவது எப்படி என்று அவர் படித்த காலேஜில் சொல்லித் தரவில்லை போலும். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கன்னியம்மா என் வண்டியைப் பார்த்தார்.

"இத்தினி பெரிய கூண்டு எதுக்கு சார்?"

"எலுகுக்கும்மா. கரடி வந்திருக்குன்னு சொன்னாங்க."

"எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? எலுகு இல்ல சார், அலுகு! அழுங்கு! உருண்டுக்கினு கெடக்குது, பாவம்."

என் மனசு குதித்ததை மறைக்கப்போவதில்லை. அத்தனை வருஷம் காட்டில் அலைந்து, உயிரோடு ஓர் அழுங்கை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பிடிபட்ட சாக்கு மூட்டைகளில் இருந்த செதில்கள்தான். கேமராப் பையின் ஜிப்பில் கை போய்விட்டது. அப்போது கன்னியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டுக் கை அங்கேயே நின்றது.

"பக்கத்துத் தோப்புக்காரராண்ட சொன்ன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒருத்தன் போன் பண்ணான் சார். யாருன்னு தெரீல. ‘அக்கா, உங்க தோப்புல அலுகு கீதாமே, அடி கிடி படாம நல்லா கீதா’ன்னு கேட்டான். இல்லன்னேன். ‘பொய் சொல்லாத அக்கா, நாங்க ஃபாரெஸ்ட்டு, வந்து எடுத்துக்கினு போறோம்’ன்னான். ஃபாரெஸ்ட்டுக்காரன் என்னிக்கு சார் நம்மளை அக்கான்னு கூப்ட்டான்? அதான் கொடுவாளோட குந்திக்கினு கீறேன்."

கவனித்தீர்களா? அரசாங்கம், பத்திரிகை, வனவிலங்கு நிபுணராகிய நான், எல்லோரும் அந்தச் சொல்லைத் தப்பாகக் கேட்டோம். சரியாகக் கேட்ட ஒரே ஆள் அதை வாங்கி விற்கிறவன். தொழிலில் அக்கறை என்றால் என்ன என்பதை நீங்கள் அவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

ரேஞ்சருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. "நான் வர்றதுக்கு நேரமாகும். காப்புக்காட்டு கேட்டுல பீட் ஆபீசரை நிக்க வைக்கறேன், அங்க கொண்டுவந்துடுங்க. ஜாக்கிரதை சார், கூட்டத்துல அவன் ஆளு இருப்பான்" என்றார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். ரோட்டில் அவ்வளவு கூட்டம். அது கரடி இல்லை, அழுங்கு, யாரையும் ஒன்றும் செய்யாது என்று உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் வந்து பார்ப்பார்கள். பார்த்தவர்கள் தொடுவார்கள். தொட்டவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். செதில் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்த புண்ணியவான் ஒருவன் கூட்டத்தில் நிச்சயம் இருப்பான், அவன் அதைப் பக்கத்தில் நிற்பவனிடம் சொல்லாமல் இருக்க மாட்டான். அப்புறம் அந்த மலையடிவாரத்தில் ஒரு புற்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோமே, சில சமயம் அது எதை எழுப்பிவிடும் என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் ரோட்டுக்குப் போய், சேனல்காரர் மைக்கை வாங்கி, "எலுகுதான். குட்டியோட இருக்கு. ரொம்பக் கோபமா இருக்கு" என்றேன். கையிலே கம்பு வைத்திருந்தவர்கள்தான் முதலில் ஓடினார்கள். மோட்டார் ரூமிலிருந்து ரோடு வரைக்கும் ஓர் ஈ காக்கா இல்லை. மக்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். எடுத்தவர் நல்லவர். மிருகம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் உண்மை பேசிக்கொள்ளலாம்.

கூட்டம் பின்வாங்கி மூச்சு விடுவதற்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. காக்கி பேண்ட், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மோடு ஒருவர் இறங்கினார். டிரம்மின் மூடியில் அழகாகக் காற்றுத் துளைகள் போட்டிருந்தது. குட்டி போட்ட கரடி உள்ளே இருக்கிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், அந்த மனிதர் மட்டும் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரி நேராக மோட்டார் ரூமுக்கு நடந்து வந்தார். அந்த டிரம்மில் கரடியின் ஒரு கால்கூட நுழையாது. ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"நமஸ்தே சார். ரெஸ்க்யூ டீம். சித்தூர்லருந்து அனுப்பிச்சாங்க. நீங்க கூட்டத்தைப் பாத்துக்குங்க, உள்ள நான் பாத்துக்கறேன்" என்றார். குரலில் தேன் சொட்டியது.

கன்னியம்மா எழுந்து நின்றார். "இதே கொரல்தான் சார்" என்று என் காதில் சொன்னார். கொடுவாளோடு பின்னால் நகர்ந்து கதவோடு ஒட்டி நின்றார். அவர் பயந்ததைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. திருடன் என்று கத்தியிருந்தால் கூட்டம் அவனைக் கிழித்துப் போட்டிருக்கும், கொலைக்கேஸ் கன்னியம்மா தோப்பில் நடந்திருக்கும். இல்லையென்றால் அவன் காரில் இன்னும் யார் இருந்தார்களோ, அவர்கள் உள்ளே புகுந்து தூக்கியிருப்பார்கள். எங்கள் பக்கம் யார் இருந்தோம்? நான், ஒரு டிரைவர், எதுவும் புரியாத ஒரு ஏ.ஈ. அவ்வளவுதான் படை.

கோபத்தை முழுங்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தேன். "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கோம். ரேஞ்சர் வந்துக்கிட்டே இருக்காரு. உங்களைப் பத்திச் சொன்னதும் நேர்ல பாக்கணும்னு துடிக்கிறாரு. அதுவரைக்கும் ஒரு டீ சாப்பிடுங்க."

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "பரவால்ல சார், டைம் இல்ல…"

"அட, இருங்க சார்!" என்று சொல்லிவிட்டு சேனல்காரரைப் பார்த்துக் கத்தினேன். "தம்பி, ஓடி வாங்க! சித்தூர்லருந்து ஸ்பெஷலிஸ்ட் வந்திருக்காரு. கரடியை வெறுங்கையால பிடிக்கிறவரு. முகத்தை நல்லா கிட்டத்துல எடுங்க, பேரு, ஊரு எல்லாம் கேளுங்க!"

அந்தச் சேனல்காரர் என் தெய்வம். கரடிக்குப் பயந்தவர்தான், ஆனால் பிரத்யேகப் பேட்டி என்றதும் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். மைக்கை அந்த ஆளின் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டி, "சார், மீ பேரு?" என்றார். அந்த ஆள் அடையாள அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு, போன் வருகிறது, சிக்னல் இல்லை, இதோ வந்துவிட்டேன் என்று காரை நோக்கி நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். டிரம் எங்களிடமே நின்றுவிட்டது.

வண்டி எண்ணை ரேஞ்சருக்கு உடனே சொன்னோம். விசாரித்தால் அது யாரோ ஒருவருடைய டிராக்டரின் எண்ணாம். ஆள் இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் டிரம் அருமையான டிரம், எங்கள் அமைப்பில் அந்த மாதிரி ஒன்றை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டு எங்கள் வாய் வலித்துப்போயிருந்தது.

பள்ளத்தில் இறங்கி அழுங்கைச் சாக்கோடு அணைத்துத் தூக்கி டிரம்மில் வைத்தோம். ஏ.ஈ. அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தார். "ஓரி நாயனோ, இதா அலுகு!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூடியை மூடினதும் கன்னியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"எங்க கொண்டுக்கினு போறீங்க?"

"காட்டுக்கும்மா."

"எதுக்கு? பள்ளத்துல உழுந்துச்சு, எடுத்து வெளிய வுடுங்கன்னுதானே கூப்ட்டேன். தோ, தோப்புல வுடுங்க, அது பாட்டுக்குப் போவும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பொரிந்து தள்ளினார். "எம் மாமரத்துல பாதி மரம் செல்லரிச்சிக்கினு கெடந்துச்சு சார். மருந்தடிச்சுப் பார்த்தேன், சாணி மொழுவிப் பார்த்தேன், ஒண்ணும் கேக்கல. இது வந்து செல்லுப் புத்தையெல்லாம் நோண்டித் துன்னுச்சு. ரெண்டு வருசமா தடம் பார்த்துக்கினுதான் கீறேன், யாராண்டயும் மூச்சு வுடல. இந்த வருசந்தான் மரம் துளுத்துக்கினு நிக்குது. கூலி கேக்குதா? சோறு கேக்குதா? எங்கூட்டுப் புள்ளயே நாயுடுபேட்டைக்குப் போயிட்டான், இது ஒண்ணுதான் எனுக்குன்னு ஒழச்சுக்கினு கெடந்துச்சு. அத்தையும் தூக்கிக்கினு போறேன்றீங்களே, நல்லாக் கீதா சார் உங்க நாயம்?"

இரண்டு வருஷம் ஓர் அழுங்கை ஊர் கண்ணில் படாமல் காப்பாற்றியவரிடம், பாதுகாப்புக்காக எடுத்துப் போகிறோம் என்று யார் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "அம்மா, அந்த ஆளுக்கு உங்க தோப்பு தெரிஞ்சு போச்சு. இன்னிக்கு ஓடிட்டான். நாளைக்கு நாயைக் கூட்டிக்கிட்டு வருவான். நீங்க எத்தனை நாளைக்கு இந்தக் கொடுவாளோட உட்கார்ந்திருப்பீங்க?" என்றேன்.

அவர் கொடுவாளைப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். பிறகு தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நானும் வர்றேன். வுடறத எங் கண்ணால பாக்கணும். உங்க யாரையும் நம்பறதா இல்ல" என்றார். அந்தக் காலை நேர அனுபவத்துக்குப் பிறகு அவரிடம் நம்பிக்கையை எதிர்பார்க்க எங்களுக்கு முகம் இல்லை.

என் வண்டியில் ஏற்றினால் ஊரே பின்னால் வரும். ஆகவே காலிக் கூண்டின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி, டிரைவரை மட்டும் மெதுவாக ஓட்டிக்கொண்டு திருப்பதி ரோட்டில் போகச் சொன்னேன். பைக்குகளும் ஆட்டோக்களும் சேனல்காரரும் அதன் பின்னால் ஊர்வலமாகப் போனார்கள். அன்று சாயங்காலச் செய்தியில் தாய்க் கரடியும் குட்டியும் பத்திரமாகக் காட்டுக்குள் விடப்பட்டன. நானும் பார்த்தேன். குட்டி அழகாக இருந்தது, எந்த ஊர்க் குட்டியோ தெரியவில்லை.

நாங்கள் ஏ.ஈ.யின் ஜீப்பில் எதிர்ப்பக்கம் போனோம். மணல் மூட்டைகளுக்கு நடுவில் டிரம், டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கன்னியம்மா. வழியில் ஏ.ஈ.க்கு மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. அலுகு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவர் திரும்பி டிரம்மைப் பார்த்துவிட்டு, "பாகுந்தி சார், நல்லா இருக்கு. ஒண்ணும் பயமில்ல. நானே கூட இருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

காப்புக்காட்டு கேட்டில் பீட் ஆபீசர் காத்திருந்தார். கொஞ்ச தூரம் உள்ளே நடந்து, புற்றுகள் நிறைந்த ஒரு சரிவில் டிரம்மைச் சாய்த்தோம். பந்து உருண்டு வந்து சருகில் நின்றது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் தரையில் படுத்து லென்ஸைப் பூட்டினேன். எத்தனையோ வருஷ ஆசை. அழுங்கு அசையவில்லை. ஏ.ஈ. என் பக்கத்தில் குனிந்து, "செத்துப் போச்சா சார்?" என்றார். செத்துப் போகவில்லை. நான் இருந்தேன், அதுதான் அதற்குப் பிரச்சினை. நான் அங்கே படுத்திருக்கும் வரைக்கும் அது பந்துதான். எனக்குப் படம் வேண்டும், அதற்கு உயிர் வேண்டும். பொறுப்பில்லாதவன் அந்த இடத்தில் குச்சியால் லேசாகத் தட்டிப் பார்ப்பான். தட்டி எடுத்த படங்களுக்குப் பரிசு கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன், உங்களில் சிலரும் கைதட்டியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு படம் எடுத்தேன். என்னிடம் இருக்கும் ஒரே அழுங்குப் படம் அதுதான். பார்க்கிறவர்களெல்லாம் பலாப்பழமா என்று கேட்கிறார்கள். கேமராவை உறையில் போட்டேன், எல்லோரையும் பின்னால் வரச் சொன்னேன். தூரத்தில் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

கால் மரத்துப் போகும் வரை நின்ற பிறகு பந்து மெல்ல விரிந்தது. முதலில் ஒரு மூக்கு. அப்புறம் சின்னக் கண். காற்றை முகர்ந்து பார்த்தது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, யாரையோ மன்னித்துவிடுகிற மாதிரி நின்றது. ஏ.ஈ. என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததைச் சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

அது திரும்பி நாங்கள் வந்த பாதையிலேயே, தோப்பு இருக்கும் திசையில் நாலு அடி வைத்தது. கன்னியம்மா பாறையை விட்டு வெளியே வந்துவிட்டார். நான் தடுக்கக் கை நீட்டினேன், அவர் கவனிக்கவில்லை.

"அங்க இல்ல, அந்தாண்ட போ" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, வீட்டில் பிள்ளையிடம் பேசுகிற குரல்தான். அழுங்கு நின்றது.

"போ நைனா. எங்க பக்கம் இனிமே வராத. மரம் செல்லரிச்சா அரிச்சிக்கினு போவட்டும். யாரு கூப்ட்டாலும் வராத." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நான் கூப்ட்டாலும் வராத."

அழுங்கு புதருக்குள் போயிற்று. மழை வலுத்த பிறகும் கன்னியம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.